பதினோராம் வருஷத்துப் பல்

தம்பி வாயை மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கியதை வீட்டில் முதலில் கவனித்தது நான்தான். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா உட்கார்ந்த நாற்காலியின் கால் கழன்றுகொள்ள, கையில் பிடித்த டம்ளரிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் மனிதர் அப்படியே தரையில் போய் உட்கார்ந்தார். அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். தம்பியும் சிரித்தான், ஆனால் உதட்டை இறுக்கி, மூக்கால். அண்ணாந்து வீடே அதிரச் சிரிக்கிறவன் அவன். சாப்பிட்டு முடித்ததும் ஆப்பிளை எடுத்தான். கடிக்கவில்லை, கத்தி தேடினான். மெல்லிசாக நறுக்கி ஒவ்வொரு துண்டாகக் கடைவாய்க்குள் தள்ளினான். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். நானாகப் பாத்திரம் கழுவுவது எங்கள் வீட்டில் அபூர்வம் என்பதால் அம்மா, "என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

நான் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை; டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புகிற வாய்களுக்கு லேபில் உட்கார்ந்து பல் செய்து தருகிறவள். முகம் தெரியாத ஊராரின் தாடைகள் ப்ளாஸ்டர் வார்ப்புகளாக என் மேஜையில் வரிசையாக இருக்கும். ஒருவர் எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாரா, பேனா மூடியைக் கடிக்கிற ஆளா என்பதையெல்லாம் வார்ப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மாப்பிள்ளை பார்க்கப் போனால்கூட அக்கா முதலில் அச்செடுத்துவிட்டுத்தான் பேர் கேட்பாள் என்று தம்பி கிண்டல் செய்வான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு ஆப்பிளும் கத்தியும் போதும்.

அவனுடைய மேல் முன்பல் இரண்டில் இடதுபக்கத்துப் பல் ஏற்கெனவே ஒருமுறை விழுந்த பல். அப்போது அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பதிமூன்று. பூங்காவில் ஊஞ்சலில் உட்கார வைத்து ஆட்டினேன். "போதும்க்கா" என்று அவன் சொன்ன பிறகும் இன்னொரு தள்ளு தள்ளினேன். குப்புற விழுந்தவன் அழவில்லை. எழுந்து, வாயில் ரத்தத்தோடு என்னிடம் நடந்து வந்து, மூடியிருந்த கையை என் உள்ளங்கைமேல் வைத்துத் திறந்தான். மண்ணோடு பல் இருந்தது. பால்பல் இல்லை, முளைத்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையான பல். பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், பாலில் கிடந்தால் பல் சாகாது என்று, அதைக் குழந்தையின் பால் பாட்டிலிலேயே போட்டுக் கொடுத்தனுப்பினாள். டாக்டர் பல்லைத் திரும்பக் குழியில் வைத்துக் கம்பி கட்டினார். ஓடி வந்திருந்த அம்மா அப்பாவுக்குப் போன் செய்ய வெளியே போன சமயத்தில் என்னைப் பார்த்து, "இப்போதைக்கு ஒட்டிக்கும்மா. ஆனா உள்ள வேர் கொஞ்சம் கொஞ்சமா கரையும். பத்து வருஷம் தாங்கினா பெரிய விஷயம். அம்மாகிட்ட சொல்லிடு" என்றார்.

நான் சொல்லவில்லை. வழியெல்லாம் அம்மா "நல்லவேளை, நல்லவேளை" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அதுவரை வாங்கிய திட்டே போதும் என்றும் இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மென்று முழுங்கினேன். அந்த நாளைக்கு இன்றுவரை வரவில்லை.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவனுடைய பதினான்காவது வயதில் பள்ளிக்கூட பேண்டுக்கு ஆள் எடுத்தார்கள். பேண்டு மாஸ்டர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மாடு வாங்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "மேல்பல் ரெண்டும் ஒரே மட்டமா இருக்கு. நீ சாக்ஸபோன் எடு" என்றார் இவனிடம். சாக்ஸபோனில் வாயில் வைக்கிற பகுதி, மவுத்பீஸ், வாத்து அலகு மாதிரி இருக்கும். அதன் முதுகில் மேல்பல் இரண்டும் அழுந்தி உட்கார வேண்டும். அடியில் நாணல் பட்டை துடிக்கத் துடிக்க அந்த அதிர்வு முழுவதும் அந்த இரண்டு பல்லில்தான் ஏறும். அவனை அழைத்துப்போக வந்திருந்த நான் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், இரண்டு பல்லும் ஒரே மட்டமாக. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஐந்தாவது ஆள் ஒன்று சேர்ந்தது. அம்மா அதை மருமகள் என்பாள். "மருமகளைத் துடைச்சுப் படுக்கவெச்சாச்சா? இனிமேலாவது மாமியாருக்கு ஒரு வாய் தண்ணி கொண்டு வருவியா?" என்பாள். அவன் ஊதுகிற விதத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரு குறை இருந்தது. நிதானமே கிடையாது. ஒரு பாடம் கைக்கு வந்ததும் அடுத்ததற்குத் தாவுவான். விடிந்ததும் ஒரு மூன்று மணி நேரம், சாயங்காலம் ஒரு மூன்று மணி நேரம். "பின்னால யாரோ துரத்துற மாதிரி ஊதுறான்" என்பார் அப்பா. இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் வருஷ முடிவில் ஒரு தேர்வு வைப்பார்கள். பதினெட்டுப் பேரில் நாலே பேர்தான் மேடைக் கலைஞர்களுக்கான வகுப்புக்குப் போவார்கள்; மற்றவர்கள் பாடம் சொல்லிக்கொடுக்கிற படிப்புக்குப் போய்விட வேண்டியதுதான். அந்தத் தேர்வு வியாழக்கிழமை காலையில் இருந்தது. ஆப்பிள் நறுக்கிய ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எப்படியும் சொல்லிவிடுவது என்று லேபிலிருந்து நேராக வந்தேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். கட்டில்மேல் மருமகள் பெட்டி திறந்து கிடந்தது. மவுத்பீஸைக் கையில் எடுத்தேன். பல் வழுக்காமலிருக்க அதன் முதுகில் நகமளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் துண்டு ஒட்டுவார்கள். அதை நான்தான் வெட்டித் தருவேன். ஒரே மாதத்தில் பல் இரண்டும் அதில் இரண்டு குழி பறித்துவிடும். அவன் பிய்த்துப் போடும் பழைய துண்டுகளைப் பொறுக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். ஐந்து வருஷமாக அந்தப் பல்லின் சௌக்கியத்தை நான் இப்படித் திருட்டுத்தனமாகத்தான் விசாரித்து வந்தேன். இப்போது ஒட்டியிருந்த துண்டு ஓரமெல்லாம் தேய்ந்து பழசாகியிருந்தது. ஆனால் குழி இல்லை. இடதுபக்கமும் இல்லை, வலதுபக்கமும் இல்லை. நான் வெட்டிக் கொடுத்த அன்று இருந்த மாதிரியே வழவழவென்று இருந்தது. பல் படாமல் ஒருவன் எப்படி ஒரு மாதம் ஊதியிருப்பான்? விளிம்பில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ரத்தம்.

"அக்கா, அதை வை."

தலை துவட்டிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே நின்றான்.

"எத்தனை நாளா ஆடுது?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

பக்கத்தில் வந்து மேலுதட்டைத் தூக்கிக் காட்டினான். உள்ளே தோல் கிழிந்து வெளுத்துப் போயிருந்தது. பல்லுக்கும் மவுத்பீசுக்கும் நடுவில் உதட்டை மடித்து மெத்தை போட்டுக்கொண்டு ஊதியிருக்கிறான். அதிலும் கூத்து என்னவென்றால், சத்தம் முன்னைவிட மிருதுவாக வருகிறது, என்ன செய்தாய் என்று கேட்டு, வகுப்பு முன்னால் செய்து காட்டச் சொன்னாராம் அவனுடைய ஆசிரியை. "இருமல் வந்த மாதிரி வெளிய ஓடிட்டேன்" என்றான். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்த டாக்டர் என்கிட்ட..."

"பத்து வருஷம்னு சொன்னாரு."

கையிலிருந்த மவுத்பீஸைப் பெட்டியில் வைத்தேன்.

"நான் அந்த நாற்காலியிலதானேக்கா படுத்திருந்தேன். பஞ்சு வாயிலதான் இருந்துச்சு, காதுல இல்ல."

"தெரிஞ்சேவாடா இதை எடுத்த?"

"வேற எதுக்கும் பேண்டு மாஸ்டர் என்னைக் கூப்பிடலையே" என்றான். பிறகு துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டே, "அதான் சீக்கிரமா கத்துக்கணும்னு இருந்தேன். நீயும் அதைப் பத்திப் பேசல. மறந்துட்டபோல, மறந்ததை எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன்" என்றான்.

நான் வெட்கப்பட்டேன். இவ்வளவு காலம் அவனுக்காக நான் ஒருத்தியாகப் பயந்துகொண்டிருந்ததாக நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். எட்டு வயதுப் பிள்ளை அந்தப் பத்து வருஷத்தைத் தனியாகவே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது. அப்பா சொன்னது சரி, பின்னால் ஒன்று துரத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கையைக் கழுவிவிட்டு வந்து அந்தப் பல்லை விரலால் தொட்டேன். பழைய பூட்டில் சாவி ஆடுவதுபோல் ஆடியது. வேர் என்று ஒன்று மிச்சமே இருக்காது, ஈறுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது எனக்கு வேறொரு பயம் வந்தது. சாக்ஸபோன்காரன் மூக்கால் மூச்சு இழுப்பதில்லை. வாயின் இரண்டு ஓரத்தையும் திறந்து, ஒரே இழுப்பில் நெஞ்சு நிறைய இழுப்பான். அந்த இழுப்பில் பல் கழன்றால் வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். நாங்கள் செய்து அனுப்பிய பல் ஒன்று ஒருவரின் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கிய கதையை லேபில் கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் என்ன ஆனார் என்பதையும் கேட்டிருக்கிறேன்.

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்" என்றேன்.

"அவர் பிடுங்கிடுவாரு. அப்புறம் ஆறுற வரைக்கும் ஊதக் கூடாதும்பாரு. வியாழக்கிழமை வரைக்கும்தானேக்கா. வெள்ளிக்கிழமை நீயே என்னை இழுத்துட்டுப் போ."

ஓங்கி ஒன்று வைக்கலாம் என்றும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், பல்லிடுக்கில் விட்டு அழுக்கெடுக்கிற மெழுகு நூலைக் கொண்டுவந்தேன். ஆடுகிற பல்லைச் சுற்றி, பக்கத்துப் பல்லைச் சுற்றி, எட்டுப் போட்டு, பின்னால் முடிச்சிட்டுக் கட்டினேன். புதன்கிழமை முழுவதும் அது தாங்கியது. அம்மாவுக்குச் சொல்லவில்லை. இந்த வீட்டில் அம்மாவுக்குச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழகிப்போன வேலை.

வியாழக்கிழமை காலை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் புது நூல் கட்டினேன். முடிச்சு போதுமா என்று கேட்டேன். போதும்க்கா என்றான். அந்த வார்த்தை எங்கேயோ போய்த் தைத்தது. பயத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டேன். போட்ட பிறகு, அதிகமாக இறுக்கிவிட்டேனோ, இறுக்கியதே பல்லைப் பெயர்த்துவிடுமோ என்று இன்னொரு பயம் வந்தது. அதை அவிழ்க்க நேரமில்லை. அம்மா தலையை வாரிவிட்டு, "மருமகளை நல்லாப் பேசச் சொல்லு" என்று அனுப்பிவைத்தாள்.

லேபுக்கு லீவு சொல்லிவிட்டு அவனோடு போனேன். நீளமான தாழ்வாரம், கடைசியில் ஒரு கனத்த கதவு, அதில் "தேர்வு நடக்கிறது, உள்ளே வராதீர்கள்" என்று ஒரு தாள். அவன் உள்ளே போனதும் சுவரோரமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். பையில் ஒரு சின்ன பாட்டில் நிறையக் குளிர்ந்த பால் இருந்தது. வேர் கரைந்த பல்லைப் பாலில் போட்டாலும் ஒன்றுதான், பன்னீரில் போட்டாலும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா? அதில்தானே சோறு தின்கிறேன். தெரிந்தும் எடுத்து வந்திருந்தேன்.

ஊத ஆரம்பித்தான். வீட்டில் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கேட்ட பாட்டு, ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். பன்னிரண்டு நிமிஷம். ஆரம்பத்தில் தாழ்ந்த குரலில் யாரையோ விசாரிக்கிற மாதிரி வரும், பிறகு மெல்லப் படியேறும். அவன் ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் நான் என் மூச்சை நிறுத்திக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் அன்றைக்குத் துரத்தப்பட்டவன் மாதிரி ஊதவில்லை. இவ்வளவு வருஷத்தில் முதல் முறையாக ஒவ்வொரு சுரத்தையும் கடைசிவரை நின்று முடித்துவிட்டு நகர்ந்தான். பாட்டின் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அடி ஆழத்தில் ஒரு நீண்ட சுரம், பிறகு நாலு எண்ணிக்கை மௌனம், அந்த மௌனத்தில் ஒரு பெரிய மூச்சு, அதிலிருந்து நேராக உச்சிக்கு ஒரு தாவல். அந்த நீண்ட சுரம் வந்தது. நின்றது. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

ஐந்து.

எழுந்து கதவருகே போனேன். ஆறு. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம்கூட இல்லை. உள்ளங்கையைக் கதவில் வைத்தேன். தள்ளினால் திறக்கிற கதவு. உள்ளே அவன் வெறுமனே ஒரு இடத்தை மறந்து நின்றுகொண்டிருந்தால், இந்தத் தள்ளலோடு அவன் படிப்பு போயிற்று. அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், நான் தள்ளாமல் நிற்கிற ஒவ்வொரு நொடியும் அவன் உயிர். ஏழு. நான் கட்டிய முடிச்சு. எட்டு. என் கைக்குத் தள்ளவும் தெரியவில்லை, எடுக்கவும் தெரியவில்லை.

ஒன்பதில் சத்தம் வந்தது. உச்சியில், தாவ வேண்டிய இடத்திலேயே. ஆனால் அதில் முன்பு இல்லாத ஒரு காற்று இருந்தது, கதவிடுக்கில் நுழைகிற மாதிரி மெல்லிய ஒரு ஸ்ஸ். அதோடே இறங்கினான், அதோடே மறுபடி ஏறினான். ஓரிடத்தில் சுருதி நழுவியது, எட்டிப் பிடித்தான். நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கடைசிச் சுரம் வரை நின்றேன். அது முடிந்த பிறகு யாரோ ஏதோ கேட்டார்கள், அவன் பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை.

கதவு திறந்தது. கழுத்தில் சாக்ஸபோன் தொங்க, வாயை இறுக மூடிக்கொண்டு வெளியே வந்தான். கன்னமெல்லாம் வேர்த்திருந்தது. மோவாயில் துடைத்து எடுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. கண்கள் சிரித்தனவா கலங்கினவா என்று கண்டுபிடிப்பதற்குள், அவனுடைய வலது கை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டேன். பையைத் துழாவி பாட்டிலை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திருகினேன். இன்னொரு கை தானாகவே நீண்டது.

அவன் மூடிய கையை என் உள்ளங்கைமேல் கொண்டுவந்து வைத்தான். பால் தளும்பி என் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.