கல்லீரலைக் காணோம்

ஸ்கேன் எடுப்பவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. வலது விலாவுக்குக் கீழே இருக்க வேண்டிய கல்லீரல் திரையில் இல்லவே இல்லை. மிஷினை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று.

"எவனோ இதை நோண்டி வச்சிருக்கான்!"

படுத்திருந்த தையல்காரர் நெளிந்தார். "வலி இந்தப் பக்கம்மா," என்று இடது விலாவைத் தொட்டார். "மூணு மாசமா சொல்றேன். வாயுன்னு மாத்திரை கொடுத்தே அனுப்பிடறாங்க."

வேண்டாவெறுப்பாகக் கருவியை இடப்பக்கம் வைத்தாள். கல்லீரல் அங்கே சாவகாசமாகப் படுத்திருந்தது. அதன் அடியில் பித்தப்பை. அதற்குள் பட்டாணி அளவில் ஒரு கல்.

"அண்ணே, உங்க வயித்துல எல்லாமே இடம் வலமா மாறியிருக்கு! நான் மிஷினைத் திட்டிட்டு இருக்கேன்."

"நானும் மிஷின்காரன்தாம்மா," என்றார் அவர். "தையல் கோணினா முதல்ல துணியைத்தான் திருப்பிப் பாப்பேன்."