ஒட்டுப்போட்ட பெயர்

சுப்பராயலுவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், அவர் மனைவி கிருஷ்ணவேணி உலை வைப்பதற்காக அரிசிப் பானையின் மூடியைத் திறந்தபோது, உள்ளிருந்து அவர் குரல் ஒரு மூட்டை மல்லாட்டையின் விலையைச் சொன்னது. அது முந்தின வருஷத்து விலை. அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், விலை பாதியாக விழுந்திருந்தது. பானைக்கு அது தெரிய வழியில்லை.

சுப்பராயலு திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் ஏலம் கூவுகிறவராக இருந்தார். வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். செஞ்சியிலிருந்தும் மயிலத்திலிருந்தும் வந்து நிற்கும் வண்டிகள், மாடுகள், தரகர்கள் எல்லாருடைய சத்தத்துக்கும் மேலே ஏறி நிற்க வேண்டிய குரல் அது. வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் சிறிதாக்க அவருக்குத் தெரியாது. குழம்பில் உப்புக் குறைகிறது என்பதை நாலு வீட்டுக்குக் கேட்கும்படிதான் சொல்வார். வீடு சின்னது, மண்சுவர் கனமானது, ஜன்னல் ஒன்றே ஒன்று. வெளியேற இடம் கிடைக்காத குரல் பானைகளிலும் டப்பாக்களிலும் போய் அடைந்துகொண்டது. ஐப்பசியில் ஒரு நாள் அவர் மண்டியில் நின்று 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று சொல்லி மூன்றாவது தரத்துக்கு மூச்சை இழுத்தபோது, பின்னாலிருந்த மூட்டை அடுக்கு அவர்மேல் சரிந்தது. மூன்றாவது தரம் சொல்லப்படாததால் அன்றைய மூட்டைகள் யாருக்கும் சொந்தமாகவில்லை. கேட்டவரும் எடுக்கவில்லை, கொண்டுவந்தவரும் எடுக்கவில்லை. அவை மண்டி வாசலிலேயே மழையில் முளைத்து, கோணியைப் பிளந்துகொண்டு மஞ்சளாகப் பூத்தன. ஆடுகள் வந்து தின்றன. கிருஷ்ணவேணி அப்போது வயிற்றில் குழந்தையோடு இருந்தாள்.

முகையூரில் பிறந்து வளர்ந்த கிருஷ்ணவேணிக்கு எதையும் கீழே கொட்டிப் பழக்கமில்லை. அவள் வீட்டில் வடித்த கஞ்சி துணிக்குப் போகும், கரைத்த புளியின் சக்கை பித்தளைக்குப் போகும், பிழிந்த எலுமிச்சையின் தோல் ஊறுகாய் ஜாடிக்குப் போகும். மிஞ்சின சோற்றைப் பிசைந்து வடாமாகக் கிள்ளி வைப்பாள். மல்லாட்டைத் தோல் அடுப்பெரிக்கும். ஒரு சேலை கிழிந்தால் முதலில் தூளி, பிறகு தலையணை உறை, பிறகு பானை இறக்கும் கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. எரிந்து தீர்ந்தால்தான் அந்தச் சேலையை அவள் மறப்பாள். தீர்ந்தது என்று வாயால் சொல்லவும் மாட்டாள். அரிசியோ உப்போ ஆகிப்போனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் யாருமே தீர்ந்துவிட்டது என்று சொல்வதில்லை. 'நிறைஞ்சிடுச்சி' என்பார்கள். காதில் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரி மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஒரு படி கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவாள்.

ஆகவே கணவரின் குரல் மிச்சமிருப்பது தெரிந்ததும் கிருஷ்ணவேணி செய்த முதல் காரியம், எந்தப் பாத்திரத்தில் எது இருக்கிறது என்று மூடியில் காதை வைத்துப் பார்த்ததுதான். திறந்தால் சொல் வெளியே வந்துவிடும், வந்தது திரும்பாது. அரிசிப் பானையில் மண்டிக் குரல். புளிப் பானையில் கோபம். கேப்பை மாவு வைத்திருந்த மொடாவில் நிறைய 'ம்'. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் சிம்னியைத் துடைத்துக்கொண்டே அன்றைய கதையெல்லாம் சொல்ல, அவர் பாதித் தூக்கத்தில் போட்ட 'ம்'கள் அவை. அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குப் பக்கத்து அறையில், ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. சுப்பராயலு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தாழ்ந்த குரலில் பேசினார். மடியில் ஒரு சின்ன வாசனைப் புட்டியை ஒளித்துக்கொண்டு வந்து, அடுப்படியில் அவள் காதருகே சொன்னார்: "வேணி, செண்டு வாங்கியாந்திருக்கேன். அம்சாகிட்ட சொல்லிடாத." மற்ற நாளெல்லாம் அவளை 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவர் அன்றைக்கு மட்டும் வேணி என்றார். அவர் இறந்த பிறகு, இனி அது அவளுக்கு ஆகாது என்று புட்டியை யாரோ எடுத்துப் போனார்கள். சொல் மட்டும் பெட்டியில் தங்கிவிட்டது. அந்த அறையை அவள் திறப்பதே இல்லை.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த சுப்பராயலுவின் தங்கை அம்சா, அத்தை முறைக்கு வந்து குழந்தையின் காதில் மூன்று முறை செண்பகம் என்று சொன்னாள். அந்தப் பெயர் அதற்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அதனால் எந்தப் பானையிலும் அது இல்லை.

கிருஷ்ணவேணி குரலைச் சிக்கனமாகத்தான் செலவழித்தாள். மாடியில்லாத வீட்டில் முற்றத்தில் வடாம் காயும்போது காக்கை வந்தால் அரிசிப் பானையை ஒரு விரல் திறப்பாள். 'எட்டப் போ, எட்டப் போ' என்று மண்டிக் கூட்டத்தை விரட்டிய குரல் வந்து காக்கைகளை விரட்டும். வாழைக்காய்க்காரி விலையில் இறங்காவிட்டால் 'ரெண்டு தரம்' என்று ஒரு சத்தம் வரும், அவள் பதறிப்போய் இறங்கிவிடுவாள். "செத்தும் வியாபாரம் பண்ணிக்கினு கீறாரே உங்க ஊட்டுக்காரரு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு புலம்புவாள். யுத்த காலத்தில், தெருவில் ஆண்கள் குறைந்து திருட்டு மிகுந்தபோது, புளிப் பானையின் 'யார்றா அவன்' வாசலைக் காத்தது. தெருக்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. சிலர் அவசரத்துக்குக் கடன்கூடக் கேட்டார்கள்.

வியப்பும் வருத்தமும் செண்பகத்துக்குத்தான். ஏழு வயதில் ஒரு நாள் வடாம் காவலில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். "காக்காகிட்ட பேசுறாரு. வாழக்காக்காரிகிட்ட பேசுறாரு. என்ன மட்டும் ஏம்மா கூப்பிட மாட்டேங்கறாரு?"

"உம்பேரு அவருக்குத் தெரியாது கண்ணு."

அன்றிலிருந்து அவள் பானைகளுக்குத் தன் பெயரைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றின் வாயிலும் முகத்தைக் கவிழ்த்து செண்பகம், செண்பகம் என்பாள். பானைகள் புதிதாகக் கற்கிற வயதைக் கடந்திருந்தன. உளுந்து டப்பா ஒரு முறை 'அம்சா' என்றது, அவ்வளவுதான். அத்தையிடம் போய் அழுதாள். "எம்பேரையே உனக்கும் வச்சிருந்தா இந்தப் பேஜாரே இல்ல" என்று அம்சா அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். "எங்கண்ணன் வாய்க்கு வாய் கூப்பிட்ட பேரு அது. நான்தான் நாகரிகமா வைக்கறேன்னு கெடுத்துட்டேன்."

அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டி வந்த பஞ்ச வருஷத்தில் செண்பகத்துக்கு விஷ ஜுரம் கண்டது. கிருஷ்ணவேணி வாழ்க்கையில் அந்த ஒரு மாதம்தான் கணக்குப் பார்க்காமல் செலவழித்தாள். அதுவரை விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு 'ம்' என்றுதான் கணக்கு, அதிலும் வெள்ளிக்கிழமை விட்டுவிடுவாள். ஜுரம் வந்த பிறகு மொடாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்குக் கஞ்சி குடித்தாள் என்பாள், 'ம்' என்று வரும். கண் திறந்தாள் என்பாள், 'ம்'. பிழைப்பாளா என்று கேட்பாள், அதற்கும் 'ம்' என்றுதான் வரும், அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பெண் எழுந்து உட்கார்ந்த அன்றைக்குக் காதை வைத்துப் பார்த்தபோது, மொடாவின் அடியில் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியை இறுக்கித் துணி கட்டி வைத்தாள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் செண்பகத்துக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை சீனுவாசன் விழுப்புரத்தில் ரயில் எஞ்சின் கொட்டகையில் வேலை பார்த்தான். கூறைச் சேலை வந்து வீட்டில் எல்லாரும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெண் சொன்னாள். "எனக்கு எதுவும் வேணாம். எங்கப்பா ஒருவாட்டி எம்பேர சொல்லட்டும். அதுவரைக்கும் நான் வண்டி ஏற மாட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கிழிஞ்ச சேலையெல்லாம் ஒட்டுப்போட்டு உடுத்தறியே அண்ணி, ஒரு பேர ஒட்டுப்போட மாட்டியா?" என்று அம்சா அடுப்படியில் வந்து கேலியாகக் கேட்டாள். கிருஷ்ணவேணி சிரிக்கவில்லை. அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். 'பக' அரிசிப் பானையில் இருந்தது. 'பகலுக்குள்ள வண்டியெல்லாம் கௌம்பணும்' என்று மண்டியில் தினமும் கூவியது. 'ம்' மொடாவில் ஒன்று இருந்தது. 'செண்' வீட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

இரண்டு நாள் அவள் அஞ்சறைப் பெட்டியின் பக்கம் போகாமல் கடுகு தாளிக்காத குழம்பு வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் அம்சாவை வாசற்படியில் உட்காரவைத்து, யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்தாள். பின்னின துணியில் ஒரு நூலை மட்டும் எடுக்க முடியாது, இழுத்தால் எல்லாம் அவிழும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் 'வேணி' வந்தது. பதினேழு வருஷம் மூடியிருந்தும் அதில் மூச்சின் சூடு இருந்தது. அதிலேயே நின்றுவிட்டால் அடுத்தது போய்விடும். 'செண்' வந்ததும் பித்தளைச் செம்பால் பிடித்து உள்ளங்கையால் மூடினாள். மீதி வாக்கியம் அவிழ்ந்து அறைக்குள் சுற்றி, போக இடம் தேடி, வாசற்படிக்குப் போயிற்று. 'அம்சாகிட்ட சொல்லிடாத.'

"அடப்பாவி அண்ணா!" என்றாள் அம்சா. "என்னாத்தடா எங்கிட்ட சொல்லக் கூடாது?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு அந்த வாசற்படியிலேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

மற்ற இரண்டும் செம்பில் சேர்ந்தன. வாயைப் பழஞ்சேலைக் கிழிசலால் கட்டி, கிருஷ்ணவேணி அதைச் சமையலறை மாடத்தில் வைத்தாள். கல்யாணத்தன்று தாலி கட்டும் நேரத்தில் திறக்க வேண்டாம், மேளம் விழுங்கிவிடும், பெண் புறப்படும்போது திறப்பது என்று முடிவாயிற்று. நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்த வாசல் பக்கம் அவள் வரக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆகவே அவள் மகளுக்குத் தாலி ஏறியதைச் சமையலறையிலிருந்து சத்தத்தால் தெரிந்துகொண்டாள்.

அப்போதுதான் சமையல்காரர் தேவநாதன் நெய் ஊற்றி வைக்க ஏனம் தேடினார். மாடத்துச் செம்பை எடுத்தார்.

"அதத் தொடாதீங்க" என்றாள் கிருஷ்ணவேணி.

"ஏம்மா, வெறுஞ்செம்புதானே?"

"நிறைஞ்சிருக்குங்க."

நிறைந்திருந்ததால் அவள் நிறைந்திருக்கிறது என்றாள். அவள் வாழ்நாளில் அந்தச் சொல்லை நிஜமான அர்த்தத்தில் சொன்னது அன்று ஒரு நாள்தான். தேவநாதனோ அந்த ஊர்க்காரர். காலியாகத்தான் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, "அதான் கேக்கறேன், ஜல்தி கொட்டி வச்சிடறேன்" என்று கட்டை அவிழ்த்தார். அவள் பாய்ந்து மூடுவதற்குள், எல்லாவற்றிலும் சின்னது முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. 'ம்' என்றது செம்பு. அவள் சொன்னதற்குப் பதில் சொன்னது போலவே இருந்தது. தேவநாதன் திரும்பிப் பார்த்து, "யாரு?" என்றார். அவள் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

மாலையில் வில்வண்டி வந்து நின்றது. விழுப்புரம் போகிற ரயிலைப் பிடிக்க நேரமாகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள். செண்பகம் எல்லாரையும் கும்பிட்டாள். வண்டியின் படியில் ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். வாசற்கதவுக்குப் பின்னால் இருட்டில் நின்றிருந்த கிருஷ்ணவேணி கட்டை அவிழ்த்தாள். 'செண்' ரகசியமாக வந்தது. 'பக' மண்டியில் மாடு மிரள்கிற மாதிரி வந்தது, வண்டி மாடுகள் நிஜமாகவே மிரண்டன. அதோடு நின்றுவிட்டது. தெரு முழுக்க அந்த அரைப் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. கிருஷ்ணவேணி கண்ணை மூடி, உதட்டைச் சேர்த்து, மீதியைத் தானே போட்டாள். "ம்."

மூன்று துண்டும் மூன்று நிறத்தில் இருந்த பெயர் அது. ஒட்டு எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்தது. செண்பகம் திரும்பினாள்.

"தோ, வர்றேம்பா" என்றாள். கூப்பிட்டவருக்கு அது பதில். பிறந்த வீட்டை விட்டுப் போகிறவள் சொல்லிக்கொள்கிற சொல்லும் அதுதான். சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

மறுநாள் கிருஷ்ணவேணி எல்லாப் பானைகளையும் புளிச் சக்கை போட்டுத் தேய்த்து முற்றத்தில் கவிழ்த்து வைத்தாள். காக்கைகள் வந்து அவற்றின்மேல் தைரியமாக உட்கார்ந்தன. விளக்கு வைக்கும் நேரத்தில் அம்சா வந்தாள். கவிழ்ந்து கிடந்தவற்றைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏதாச்சும் மிச்சம் மீதி இருக்குதா அண்ணி?"

"நிறைஞ்சிடுச்சி அம்சா."

அம்சா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கிருஷ்ணவேணி சிம்னியைக் கழற்றி, செண்பகத்தின் பழைய பாவாடைத் துண்டால் துடைத்தபடி, விழுப்புரத்தில் இந்நேரம் பெண் விளக்கு ஏற்றியிருப்பாள் என்றாள்.

"ம்" என்றாள் அம்சா.