முயலின் செல்கள்

அக்கா கேட்கத்தான் வந்திருக்கிறாள். டீ குடிக்கவா இவ்வளவு தூரம் வருவாள்? கேட்டுவிட்டால் பிறகு அதைக் கேட்காததாக ஆக்க முடியாது. இந்தக் கோப்பை காலியானதும் 'சரி, வரேன்டி' என்று எழுந்துவிட வேண்டும். அது போதும் எனக்கு.

அக்கா எழுந்திருக்கவில்லை. காகிதக் கோப்பையின் விளிம்பை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தாள். விடுமுறை நாள். ஆய்வுக்கூடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உறைபெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன.

"இதுக்குப் பேரு டீயா? பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு."

"மெஷின் டீக்கா. பழகிடும்."

"இதைக் குடிச்சுட்டுத்தான் ஊர்ல இருக்கற நோயையெல்லாம் தீர்க்கறீங்களாக்கும். அதான் ஒண்ணும் தீர மாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மகள் போன பிறகு அவளுடைய எல்லாச் சிரிப்பும் அங்கேதான் நிற்கிறது.

முயல் என்பது அந்த மகளுக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர். மூக்கு அரித்துக்கொண்டே இருப்பதால் அதை எந்நேரமும் சுளித்தபடி இருப்பாள். வீட்டுத் தூசி ஆகாது, பூந்தாது ஆகாது. வியர்த்தால் முழங்கை மடிப்பு வெடித்து ரத்தம் கசியும். அக்கா ஜன்னல்களைச் சாத்தினாள், தடிமனான திரை வாங்கித் தொங்கவிட்டாள். தெருவில் மற்றப் பிள்ளைகள் ஓடுவதை முயல் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். பள்ளியில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, நிமோனியாவாக முற்றிவிட்டது. மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர், "வைட்டமின் டி சுத்தமா இல்லையே, பொண்ணை வெயில்லயே விடமாட்டீங்களா?" என்று போகிறபோக்கில் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் முயல் போய்விட்டாள். அந்தக் கேள்விதான் போகவில்லை.

"அத்தான் எப்படியிருக்காரு?" என்றேன்.

"இருக்காரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு திரையா ஒதுக்கி விடறாரு. பொழுது சாஞ்ச பிறகு, தெரியுதா? வெயிலே இல்லாத நேரத்துல. ஒதுக்கி விட்டுட்டுப் பேசாம போய் உக்காந்துக்கறாரு. நாலு வார்த்தை திட்டினா தேவலை. அந்தப் பேசாம இருக்கறதுதான் என்னைத் தின்னுது."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவ ரத்தம் உன்கிட்ட இருக்கில்ல?"

வந்துவிட்டது.

ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் ரத்தம் எங்கள் ஆய்வுக்குத் தேவைப்பட்டபோது, அக்காவும் அத்தானும் சம்மதித்து முயலை அழைத்துவந்தார்கள். அவள் ஊசியைப் பார்த்து அழவில்லை. "சித்தி, என் ரத்தத்துக்கு என்ன சாப்பாடு போடுவே?" என்றுதான் கேட்டாள். சிவப்பா ஒரு ஜூஸ் ஊத்துவேன் என்றேன். "எனக்கு?" என்றாள். அந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த செல்களைக் குப்பிகளில் உறையவைத்தோம். சோதனைகளுக்கு எடுத்தது போக ஒரு குப்பி மிச்சம் இருந்தது.

"ஒண்ணு இருக்கு" என்றேன்.

"நீ அன்னிக்கு எங்க வீட்டுல சாப்பிடும்போது சொன்னது எனக்கு மனப்பாடமா இருக்குடி. அலர்ஜி உள்ள பிள்ளைங்க செல்லுக்குக் கொஞ்சம் தூசியைக் காட்டினா சந்தைக்கடை மாதிரி கத்தும்னே. இந்த வைட்டமினை ஊத்தினா டீச்சர் வந்த வகுப்பு மாதிரி கப்சிப்னு ஆயிடும்னே. கிருமியை விழுங்கற செல் ஒண்ணு இருக்கு, அதுக்கு இதே வைட்டமின்தான் ஆயுதம் எடுத்துக் கொடுக்கும்னே. சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். அது கண்ணாடித் தட்டுல நடக்கறதுக்கா."

"டாக்டர் முன்னாடியே அவளுக்கு எழுதிக் கொடுத்த வைட்டமின் சொட்டு மருந்தை நான்தான் நிறுத்தினேன். கொடுத்த அன்னிக்கே உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. அதுல கலந்திருக்கற எண்ணெய் அவளுக்கு ஆகலேன்னு நினைச்சேன். டாக்டர்கிட்டயும் சொல்லல, உன்கிட்டயும் சொல்லல. இன்னொரு மருந்து, இன்னொரு தடிப்புன்னு எனக்கு அலுத்துப்போச்சுடி." குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "அந்தக் குப்பியை எடு. ஒரு தட்டுல வைட்டமின் ஊத்து, இன்னொண்ணுல ஊத்தாதே. அவ செல் அடங்குதான்னு பாரு. அடங்கினா நான்தான். அடங்கலேன்னா நான் இல்ல. அவ்வளவுதானே உங்க வேலை?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த வைட்டமினைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மிகவும் குறைவாக இருந்தவர்களில் சிலருக்குக் கொஞ்சம் உதவியது, பலருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. கடுமையான நோய் வந்தாலே அது ரத்தத்தில் இறங்கிவிடும். குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குறைந்ததா என்று அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்க முடியாது. எனக்கும் தெரியாது.

"உனக்கே தெரியாதுன்னா வேற யாருக்குடி தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுக்கா."

"யாருக்கும் தெரியாதுங்கறதைப் பக்கத்துல போட்டுக்கிட்டு நான் எப்படிப் படுக்கறது? நீதான்னு சொல்லிடு. அதையாவது பிடிச்சுக்கிட்டுக் கிடப்பேன்."

அவள் விடுதலை கேட்டு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீர்ப்பு கேட்டு வந்திருந்தாள், அதுவும் எந்தத் தீர்ப்பு என்று முடிவு செய்துவிட்டு.

"எடுக்க வேணாம். எங்க இருக்கான்னு காட்டவாவது காட்டு" என்றாள்.

உள்ளே அழைத்துப் போனேன். செல் வளர்க்கும் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். விளக்கு போடாமல் நடந்தேன். அக்கா மேசை முனையில் இடித்துக்கொண்டாள்.

"ஏண்டி இருட்டு? கரண்டு பில்லு கட்டலையா?"

"மேசையில வைட்டமின் கரைசல் இருக்கு. வெளிச்சம் பட்டா கெட்டுடும். அதான் குப்பிக்கெல்லாம் அலுமினியத் தாள் சுத்தி வச்சிருக்கோம்."

அக்கா நின்றுவிட்டாள்.

"வெயில்லேர்ந்து வர்றதுன்னு சொன்னே?"

"உடம்புல அப்படித்தான். இங்க வெளிச்சம் ஆகாது."

"நானும் அதைத்தானேடி செஞ்சேன்" என்றாள். "கெட்டுடும்னுதானே மூடி வச்சேன்."

இருட்டில் அவள் கையைப் பிடித்து மேசையைத் தாண்டிக் கூட்டிப் போனேன்.

செல்களை உறைநிலையில் வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் தொட்டி கடைசி அறையில் இருக்கிறது. முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு, அக்காவைச் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டு மூடியைத் தூக்கினேன். வெள்ளைப் புகை வழிந்து தரையில் பரவி அவள் செருப்பைத் தொட்டது. குப்பிகள் செருகியிருந்த அடுக்கைக் கொஞ்சம் மேலே இழுத்தேன். சுண்டுவிரல் நீளக் குப்பி. உள்ளே, அடியில், கலங்கலாக, சிறிதளவு.

"அதுவா?"

"ஆமா."

"இவ்வளவுதானா?"

எத்தனை நாள் இந்தத் தொட்டியின் முன்னால் நானே வந்து நின்றிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. குப்பியை வெதுவெதுப்பான நீரில் காட்டினால் போதும், விழித்துக்கொள்ளும். சிவப்பு ஜூஸ் ஊற்றினால் குடிக்கும். தூசியைக் காட்டினால் கத்தும். வைட்டமினை ஊற்றினால் அநேகமாக அடங்கிவிடும், ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளின் செல்லும் அடங்கியிருக்கிறது. அந்த அடங்கலை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய் உயிர் உள்ளவரை சுமப்பாள். அத்தான் திரைகளை ஒதுக்கிக்கொண்டே இருப்பார். தட்டில் இருப்பவை சில நாட்களில் ஒவ்வொன்றாகச் சுருங்கிச் சாகும். திரும்ப உறையவைக்க முடியாது. நான் லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அவளுக்குக் குளிரே ஆகாதேடி" என்றாள் அக்கா. ஒரு அடி முன்னால் வந்தாள். "எப்பவும் என் போர்வைக்குள்ளதான் வந்து பூந்துப்பா. வெளியே எடுடி. அந்தச் சோதனை எனக்காக வேணாம், அவளுக்காகவாவது வெளியே எடு."

அடுக்கை அதிக நேரம் மேலே வைத்திருக்கக் கூடாது. குப்பியின் மேல் ஏற்கெனவே பனி பூத்துக்கொண்டிருந்தது.

"மாட்டேன்க்கா" என்றேன்.

அடுக்கை மெல்ல உள்ளே இறக்கி மூடியைச் சாத்தினேன்.