பதினோரு மணி வகுப்பு

“காருக்குத் தப்புப் பண்ணத் தெரியாதா, பாயம்மா?”

பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஆறு வயது பவித்ரா இப்படிக் கேட்டபோது அப்பொலின் லோபோ சிரித்துவிட்டாள். அந்த மங்களூர்ப் பக்கத்தில் கிறிஸ்தவப் பெண்களைப் ‘பாயி’, ‘பாயம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி விடுமுறை என்பதால் குழந்தையும் அம்மாவோடு வந்திருந்தது. கார் மேட்டில் ஏறும்போது பாதியிலேயே அணைந்து நின்றிருந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி குழந்தையின் அம்மா குலாபி வியர்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

“காருக்கு என்ன தெரியும் கண்ணு? ஓட்டுறவங்கதான் தப்புப் பண்ணுவாங்க,” என்றாள் அப்பொலின்.

அந்தப் பதில் பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்யும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

பதினான்கு வருஷம் இன்னொருவருடைய பயிற்சிப் பள்ளியில் சம்பளத்துக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அப்பொலின். அந்தப் பிப்ரவரியில்தான் மூடபித்ரியில் பழைய கார் வியாபாரம் செய்யும் வாமனிடம் ஒரு வெள்ளைக் காரை வாங்கினாள். தன் பக்கத்திலும் ஒரு கிளட்சும் பிரேக்கும் பொருத்திக்கொண்டாள். கூரையில் தன் பெயரோடு ‘பெண்களுக்கு மட்டும்’ என்று பலகை ஏற்றினாள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வங்கிக்காரி, நர்ஸ், கல்யாணமாகித் துபாய் போகப்போகிற பெண் என்று வரிசையாக ஆள் இருந்தது.

குலாபிக்கு மட்டும் பதினோரு மணி. அவள் பீடி சுற்றுகிறவள். பத்து மணிக்குப் பீடிக் கம்பெனியின் கிளையில் பீடியைக் கொடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருவாள். அப்படியும் புகையிலை வாசனை போகாது. பஞ்சாயத்தில் குப்பை அள்ளும் வண்டிக்கு மகளிர் குழுவிலிருந்து ஒரு ஓட்டுநரை எடுக்கப்போகிறார்கள், மே மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இருபது வருஷமாகக் குனிந்தே இருந்த கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்காகவே வந்தாள்.

ஆனால் அவள் கையில் கார் நின்றுகொண்டே இருந்தது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். மூன்றாம் நாள் மேட்டில் நிற்கும். சாவியைத் திருப்பினால் உறுமும், பிடிக்காது. ஐந்து நிமிஷம் கழித்துத் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அப்பொலின் நோட்டில் எழுதுவாள். மற்றவர்கள் பெயருக்கு நேரே ‘ரிவர்ஸ் பழக வேண்டும்’, ‘வளைவில் வேகம்’ என்றெல்லாம் இருக்கும். குலாபி பெயருக்கு நேரே எழுதியது இது: ‘மறுபடியும் அணைத்தாள். கவனம் இல்லை.’

“பாயம்மா, என் கால் கிளட்சுலதான் இருந்துச்சு,” என்று குலாபி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கிளட்ச விட்டாத்தான் வண்டி நிக்கும்.”

ஏப்ரலில் ஒரு நாள், சந்தை முக்கில் நடுரோட்டில் கார் நின்றது. ஆட்டோக்காரர்களுக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு.

“குலாபிக்கா, பத்த வைக்க இது என்ன பீடியா? சாவியத் திருப்புங்க!” என்று ஒருவன் கத்தினான்.

“திருப்பித்தான் பாக்குறாங்க, ஈரப் பீடி போலிருக்கு!” என்றான் இன்னொருவன்.

அப்பொலினுக்கு முகம் சிவந்தது. கூரையில் அவள் பெயர் எழுதியிருக்கிறது, ஊரே பார்த்துச் சிரிக்கிறது. “பீடி சுத்துற விரலுக்கு இருக்கிற புத்தி உன் காலுக்கு இல்லையே, குலாபி,” என்றாள்.

குலாபி ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு இறங்கினாள்.

“போதும் பாயம்மா. எனக்கு இது வராது.”

சந்தைக்குள் நடந்து போனாள். மறுநாள் பதினோரு மணிக்கு யாரும் வரவில்லை.

மே மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நல்ல வெயிலில் அப்பொலின் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். சமதளச் சாலை, மூன்றாவது கியர். திடீரென்று இன்ஜின் அணைந்தது. ஒரு குலுக்கல்கூட இல்லை. அவள் கால் கிளட்சுக்குப் பக்கத்திலேயே இல்லை.

ஓரமாக உருட்டி நிறுத்தினாள். ஐந்து நிமிஷம் கழித்து சாவியைத் திருப்பினாள். பிடித்துக்கொண்டது.

“சேசுவே,” என்றாள். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

வாமனிடம் மூன்று தடவை காரைக் கொண்டுபோய் விட்டாள். மூன்று தடவையும் அவர் நிழலில் வைத்து ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“டீச்சர், வண்டி தங்கம். கத்துக்க வர்ற பொம்பளைங்க கிளட்ச விட்டிருப்பாங்க. அதுக்கு நான் என்ன பண்ண?”

“என் கையிலயே நின்னுதே, வாமண்ணா.”

“அப்ப நீங்களும் நல்ல டீச்சரா பாத்துச் சேர்ந்துக்கங்க,” என்று சிரித்தார்.

கடைசியில் கண்டுபிடித்தது எலெக்ட்ரீஷியன் அத்தாவுல்லா. பக்கத்து அழகு நிலையத்திலிருந்து தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கேட்டு வாங்கிவந்து, ஓடுகிற இன்ஜினின் அடியில் ஒரு சின்னப் பாகத்தின் மேல் சூடான காற்றை அடித்தார். இன்ஜின் சத்தமில்லாமல் செத்தது.

“சூடு ஏறினா உசிரு போகும். ஆறினா வரும். இங்க பாருங்க, யாரோ முன்னாடியே கழட்டி, பசை போட்டு ஒட்டி, திரும்ப மாட்டியிருக்காங்க. உள்ள கம்பிக்கட்டு முழுக்க உருகிக் கெடக்கு. இது உங்ககிட்ட வந்த அப்புறம் கெட்டது இல்ல, பாயி.”

“காலைல ஆறு மணிக்கு நிக்காதா?”

“குளிர்ச்சியில எதுக்கு நிக்கும்? அதுக்கும் பதினோரு மணி ஆகணும்ல.”

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தாள். பதிமூன்று தடவை நின்றிருக்கிறது. பதிமூன்றும் பதினோரு மணி வகுப்பு. இதுகூடப் பரவாயில்லை, காரைப் பற்றி யாருக்குத் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் தன் பக்கத்து கிளட்ச் ஞாபகம் வந்தது. இரண்டு கிளட்சும் ஒன்றோடொன்று இணைந்தவை. கற்றுக்கொள்பவள் காலை எடுத்தால் இவள் பக்கத்துப் பெடலும் மேலே எழும்பும். அந்தப் பதிமூன்று தடவையும் அது எழும்பவில்லை. அவள் பாதம் அதன் மேலேயேதான் இருந்தது. வங்கிக்காரியின் கையில் நின்றிருந்தால் முதல் தடவையே குனிந்து பார்த்திருப்பாள். நின்றது பீடி சுற்றுகிறவளின் கையில்.

அப்போதே ஓடிப்போய் குலாபியைப் பார்த்திருக்கலாம். போகவில்லை. வெட்கம். முதலில் வாமன் மேல் வழக்குப் போட்டு முடிப்போம், நல்ல சேதியோடு போவோம் என்று தள்ளிப்போட்டாள். ஜூன் மாதம் பஞ்சாயத்து வண்டி பாட்டுப் போட்டபடி அவள் வாசலுக்கே வந்தது. ஓட்டி வந்தது ஹரிணாட்சி என்ற வேறொரு பெண். நல்ல பெண். “குப்பை இருக்கா பாயம்மா?” என்று தினமும் கேட்பாள். அப்பொலினால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மங்களூர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பது அவள் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. வக்கீல் வேண்டாம், நீங்களே எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பழைய பொருளானாலும் வியாபாரி குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது தனக்கு உள்ள உரிமை என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். ஆனால் வாமனின் வக்கீல் கொடுத்த பதில் அவளையே குற்றவாளியாக்கியது. புகார் கொடுத்தவர் வண்டியை இருக்கிறபடி வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தாக்கல் செய்த அவருடைய நோட்டிலேயே, அவர் கையெழுத்திலேயே, மாணவிதான் வண்டியை அணைத்தாள் என்று பதிமூன்று இடத்தில் இருக்கிறது.

ஆணையத்தின் உதவி மையத்தில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: “கையெழுத்துப் போட்டா மறைச்ச குறை சரியாயிடாது மேடம். சொந்தப் பிழைப்புக்கு நீங்களே உழைக்கிறதுனால நீங்க நுகர்வோர்தான். ஆனா இந்த நோட்டு... அந்தக் குலாபி சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தாத்தான் உங்க வழக்கு நிக்கும்.”

இனித் தள்ளிப்போட வழியில்லை.

குலாபி வீட்டுக்குள் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பொலின் எல்லாவற்றையும் சொன்னாள். தலைமுடி மெஷின், பசை, பதினோரு மணி. தன் கால் பெடல் மேலேயே இருந்ததையும் சொன்னாள். குலாபியின் விரல்கள் நிற்கவே இல்லை. இலை, தூள், ஒரு சுற்று, நூல்.

“எனக்கு மொத நாளே தெரியும் பாயம்மா.”

“அப்புறம் ஏன் குலாபி விட்டுட்டுப் போன?”

“ரெண்டு மாசத்துல பதிமூணு தடவ நீங்க சொன்னீங்க. பதினாலாவது தடவ நான் நம்பிட்டேன்.” முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “ராத்திரி படுத்துக்கிட்டு காலைத் தொட்டுப் பாப்பேன். நெசமாவே இது மரத்துப்போச்சோன்னு.”

அப்பொலின் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளேயிருந்து பவித்ரா எட்டிப் பார்த்துவிட்டு, “மா, அந்தக் கார் பாயம்மா!” என்று கத்தினாள்.

“வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டா, வெல்லமும் எடுத்துட்டு வா,” என்றாள் குலாபி. பிறகு அப்பொலினிடம் திரும்பினாள். “எங்க கையெழுத்துப் போடணும்?”

“நீ வரணும்னு கட்டாயம் இல்ல...”

“வர்றேன். உங்க காசு ஏன் வீணாப் போகணும்? ஆனா ஒண்ணு. திரும்ப ஓட்டச் சொல்லாதீங்க. ரோட்டுல கார் சத்தம் கேட்டாலே ஆட்டோக்காரன் சிரிக்கிற மாதிரி இருக்கு.”

ஆணையத்தில் குலாபியின் வாக்குமூலம் ஒரு பக்கம்தான். அப்பொலின் தன் வாக்குமூலத்தில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்தாள். வாமனின் வக்கீல் அதை வேண்டுமென்றே உரக்கப் படித்தார்: ‘நோட்டில் உள்ள கையெழுத்து என்னுடையது. அந்தப் பழியும் நான் சுமத்தியது. மாணவியின் கால் சரியாகவே இருந்தது; என் பெடல் எனக்குச் சொன்னதை நான் கேட்கவில்லை.’

“அப்படின்னா, பதினாலு வருஷ அனுபவம் உள்ள டீச்சருக்கு வண்டி ஏன் நின்னுச்சுன்னே தெரியல?” என்றார் வக்கீல்.

“ஆமா சார். தெரியல,” என்றாள் அப்பொலின். இனி யாராவது தன்னிடம் கற்றுக்கொள்ள வருவார்களா என்ற பயம் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. காசோலையைக் கொடுக்க வாமன் நேரிலேயே வந்தார். முன்பு போலச் சிரிக்கவில்லை. “எனக்கு வித்தவனும் வண்டி தங்கம்னுதான் சொன்னான் டீச்சர். நானும் குனிஞ்சு பாக்கல,” என்றார். அப்பொலினால் அவரைத் திட்ட முடியவில்லை.

பணம் வந்தது. வேறொரு சின்னக் காரை அத்தாவுல்லாவைக் கூட்டிப்போய்ப் பார்த்து வாங்கி, அதிலும் தன் பக்கத்தில் கிளட்சும் பிரேக்கும் பொருத்திக்கொண்டாள். குலாபியின் வேலை மட்டும் வரவில்லை. அது ஹரிணாட்சியுடையது. அதைத் திருப்பித் தர எந்த ஆணையத்துக்கும் உரிமை இல்லை. அப்பொலின் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பும் பெற்றாள். ஆனாலும் பதினோரு மணி ஆனால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது.

அந்த நேரத்தை அவள் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பத்தரைக்குப் பீடிக் கிளையின் வாசலில் காரை நிறுத்துவாள். கூரைப் பலகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவாள்.

“ஏறு குலாபி, வீட்டுல விடுறேன்.”

“நடந்தே போறேன் பாயம்மா.”

இப்படி மூன்று வாரம். பிறகு ஒரு நாள் மழையில் ஏறினாள். அதற்குப் பிறகு மழை இல்லாத நாளிலும் ஏறினாள். ஓட்டுவதைப் பற்றி அப்பொலின் ஒரு வார்த்தை பேசவில்லை. பவித்ராவின் பள்ளிக்கூடம், இலை விலை, மீன் விலை, இவ்வளவுதான் பேச்சு.

டிசம்பரில் ஒரு நாள் வழியில் கைவிட்ட கல் குவாரிக்குள் காரைத் திருப்பினாள். செந்நிறத் தரை விளையாட்டு மைதானம் போலப் பரந்திருந்தது. கடைசியில் ஒரு சின்ன மேடு. ஆள் நடமாட்டமே இல்லை. அப்பொலின் இறங்கி, காரைச் சுற்றி வந்து இடது பக்கக் கதவுக்கு அருகே நின்றாள்.  வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

குலாபி தன் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு இறங்கி, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

அப்பொலின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கார் நகர்ந்தது. பாதி மைதானத்தில் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. அப்பொலினின் காலடியில் பெடல் சடாரென்று எழும்பியது. 

“இது நான்தான் பாயம்மா!” என்றாள் குலாபி. திடீரென்று சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “நெசமாவே நான்தான். காலை எடுத்துட்டேன்!”

“தெரிஞ்சுது,” என்றாள் அப்பொலின். “மறுபடியும் போடு.”

மேட்டை நோக்கி கார் திரும்பியபோது, அப்பொலின் தன் இரண்டு கால்களையும் பெடல்களிலிருந்து எடுத்து இருக்கையின் மேல் மடித்து வைத்துக்கொண்டாள். குலாபி அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் மேட்டின் மேல் இருந்தது. கார் நிற்காமல் ஏறியது.