பின்சந்துக் கேமரா

சல்மா அந்தப் பெட்டியை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தாள். கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் மின்னலைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். கீபோர்டில் மைலோ டம்ளரைக் கொட்டியவனும் மின்னல் என்பான், பெண்டாட்டியோடு சண்டை போட்டு லேப்டாப்பைச் சுவரில் எறிந்தவனும் மின்னல் என்பான். இந்த ஊரில் இடிக்கும் மின்னலுக்கும் குறைச்சலில்லை, எதை வேண்டுமானாலும் அதன் தலையில் கட்டலாம், அது வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. அதனால் யாராவது மின்னல் என்று ஆரம்பித்தாலே எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும்.

சல்மா வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

"மின்னல் அடிச்சிருச்சுன்னு சொல்றாங்கக்கா. இல்லன்னு நீங்க சொல்லணும்."

பையிலிருந்து எடுத்தது கேமராக்கள் பிடிப்பதைப் பதிவு செய்கிற ரெக்கார்டர். ஜாபர் அலியின் சாப்பாட்டுக்கடையில் இருந்தது. அந்தக் கடை என் கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான், பல நாள் எனக்கு மத்தியானச் சோறு அங்கேதான். அங்கே வேலை பார்த்த இர்ஃபான் சல்மாவின் தம்பி. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலை பெர்மிட்டில் இங்கே வந்தவன். சல்மா அவனுக்கு முன்னாலேயே வந்து மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் ரவிக்கை தைக்கிறாள். போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், இர்ஃபான் கடையின் பின்பக்கக் கூரையிலிருந்து சந்தில் விழுந்து இறந்துபோனான். தெருவுக்கே தெரிந்த சாவு அது. எனக்கு அவன் முகம் நினைவிருந்தது, பெயர்தான் அன்றுவரை தெரியாது. சோறு போட்டவன் பெயர் தெரியாமலே இத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே பேய்மழை. அதில் ரெக்கார்டரும் போய்விட்டது. விசாரிக்க வந்தவர்கள் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். காகிதத்தில் அதோடு முடிந்தது. ஊரில் முடியவில்லை. கூட வேலை பார்த்த ஒருவன் ஊருக்குப் போன் போட்டபோது, இர்ஃபான் கூரை விளிம்பில் கொஞ்ச நேரம் சும்மா நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்லிவிட்டான், விழுந்ததை அவனும் பார்க்கவில்லை. அதற்குச் சில நாள் முன்னால்தான் இர்ஃபானுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஊருக்கு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? தானே உயிரை விட்டவனுக்கு மறுமையில் என்ன கதி என்று ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு அவன் அம்மா காதுக்கும் போயிற்று. அன்றிலிருந்து அந்த அம்மா மகனுக்காகக் கையேந்தி துஆ கேட்பதை நிறுத்திவிட்டாராம். கேட்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

"அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. விழுந்தானா, குதிச்சானா? இதுக்குள்ள இருக்குல்லக்கா, அந்தப் படம்?"

இருந்திருக்க வேண்டும். கடையின் கேமராக்களில் ஒன்று பின்சந்தைப் பார்த்தபடி இருந்தது, அவன் விழுந்த சுவர் முழுக்க அதற்குள் வரும். முதலாளிதான் அவனைக் கூரையில் ஏற்றிவிட்டார், அது வெளியே வரக்கூடாது என்று பெட்டியை அவரே எரித்துவிட்டு மின்னல் மேல் பழி போடுகிறார் என்பது சல்மாவின் கணக்கு. சண்டை போட்டுத்தான் பெட்டியை வாங்கி வந்திருந்தாள்.

எரித்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். வேண்டுமென்று எரிக்கிறவன் ஒரு இடத்தில்தான் எரிப்பான். மின்னல் நடந்து வருவது. வந்த வழி, நின்ற இடம், போன வழி என்று தடம் விட்டுப் போகும். மூடியைக் கழற்றியதும் கருகல் வாசனை முகத்தில் அடித்தது. பின்னால் கேமரா வயர்கள் செருகும் துளைகளில் ஒன்றே ஒன்று கறுத்துக் கிடந்தது, பின்சந்துக் கேமராவின் துளை. அங்கிருந்து கருகல் மெல்லிய கோடாக போர்டில் ஓடி ஹார்ட் டிஸ்க் வரை போயிருந்தது. மின்னல்தான் போலிருந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து அப்போதே சொல்ல வாய் வரவில்லை. இடத்தைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் ஜாபர் அலியின் கடைக்குப் போனேன். எப்போதும் "வாங்க மேடம்" என்கிறவர், நான் டார்ச்சும் மீட்டரும் எடுத்ததைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நீங்க பொட்டியப் பாக்க வந்தீங்களா, என்னையப் பாக்க வந்தீங்களா?"

பெட்டியைத்தான் என்றேன். அவர் அதற்குப் பிறகு தானாகவே பேசினார். கூரையில் ஏறு என்று அவர் சொன்னதே இல்லையாம். இலை அடைத்துத் தண்ணீர் அடுப்படிக்குள் வருகிறது என்று அவனாகவே ஏறுவானாம். வேண்டாம் என்று சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைச் சொல்லவில்லை. ஜனாஸா தொழுகைக்கு முதல் வரிசையில் நின்றதாகவும், அன்றிலிருந்து தனக்கும் தூக்கமில்லை என்றும் சொன்னார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை, நல்ல முகமாகவும் தெரியவில்லை.

பின்சந்தில் கேமராவைக் கூரைக்கும் மேலே நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புக் குழாயில் கட்டியிருந்தார்கள். மின்னலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. கேமராவைப் பிரித்தால் உள்ளே வெறும் கரி. வயர் சுவரோடு இறங்கி, மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறைக்குள் வந்தது. ரெக்கார்டரைச் செருகியிருந்த சாக்கெட்டில் எர்த் இல்லை. இடியைத் தாங்கும் என்று சொல்லி வாங்கிய சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று தரையில் கிடந்தது, அதன் பச்சை விளக்கு எந்தக் காலத்திலோ அணைந்துவிட்டது. அந்த விளக்கு அணைந்தால் அது வெறும் எக்ஸ்டென்ஷன்தான், இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. சந்தில் பக்கத்து டயர் கடையின் அலாரமும், அதற்கடுத்த கடையின் மோடமும் அதே சாயங்காலம் செத்திருந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, மின்னல் என்று ஒருவர் சொன்னது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

ஒன்று மட்டும் உதைத்தது. ரெக்கார்டரிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் கல்லாவில் இருக்கும் ரவுட்டருக்குப் போகிறது, அங்கிருந்து பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு. இப்படி ஒரு அடி அந்த வழியிலும் போயிருக்க வேண்டும். நான் பார்த்த வரையில் போகாமல் விட்டதே இல்லை. ஆனால் ரவுட்டரும் கம்ப்யூட்டரும் ஒரு கீறல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. கல்லாவில் உட்கார்ந்திருந்த ஷாஹுல் ஹமீதிடம் கேட்டேன். கடையிலேயே மூத்த ஆள் அவர்தான்.

அன்றைக்கு அதெல்லாம் கழற்றி வைத்திருந்தது என்றார். கழற்றியது இர்ஃபான்.

அவனுக்கு கடையில் மின்னல் பாய் என்று பெயராம். வானம் கொஞ்சம் இருட்டினால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கையை உதறிவிட்டு பிளக் பிடுங்கக் கிளம்பிவிடுவான், எல்லோரும் சிரிப்பார்கள். முன்னால் வேலை பார்த்த கடையில் ஒரு டிவி அவன் கண்ணெதிரே வெடித்ததிலிருந்து அந்தப் பயம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவதைவிட நல்ல பாதுகாப்பு எந்தக் கடையிலும் விற்பதில்லை, என்னிடமும் இல்லை. அவனுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் கல்லா, ரவுட்டர், டிவி. பிறகு மேலே போய், கூரைத் தண்ணீர் வடியும் பீலியில் அடைத்த இலையை அள்ளிப் போடுவான். இறங்கி வரும்போது கடைசியாகச் சாமான் அறையில் ரெக்கார்டர். மழை விழும்வரை கேமரா ஓட வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம்.

"முன்னாடி எல்லாத்தையும் கழட்டி, வயரச் சுருட்டி என் மேசையில வச்சான். அப்புறம்தான் மேல போனான். பின்னாடி உள்ளத எங்களுக்குக் கழட்டணும்னு தோணல மேடம். அவன் சந்துல கெடக்குறான், யாருக்கு பிளக் ஞாபகம் வரும்?"

நான் சாமான் அறைக்குத் திரும்பப் போனேன். அவன் விழுந்ததைப் பார்த்தது அந்தக் கேமரா ஒன்றுதான். அதைக் காப்பாற்றுகிற ஆளும் அவன் ஒருவன்தான். அவன் போனதால் அதுவும் போயிற்று. இதை யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியாமல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் விடவில்லை. அதே மாடலில் இன்னொன்றைத் தேடிப் பிடித்து, அதன் போர்டை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சுற்றியது, உடனே உள்ளே கரகரவென்று சத்தம். சுங்கை வேயில் இந்த வேலையை மட்டுமே செய்கிற என் நண்பர் கார்த்திகேசுவிடம் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, எழுதுகிற முனை எரிந்து தட்டைச் சுரண்டிவிட்டது, யாராலும் ஆகாது என்று திருப்பிக் கொடுத்தார்.

சல்மா விடுமுறை நாளில் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. யாரும் எரிக்கவில்லை, மின்னல்தான், படம் வராது என்று ஒரே மூச்சில் சொன்னேன். பிய்த்துப் பிய்த்துச் சொன்னால் சொல்லி முடிக்க மாட்டேன் என்று பயமாக இருந்தது. முதலாளி காசு கொடுத்தாரா என்று கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கறுத்த துளையைக் காட்டினேன், கேமராவுக்குள் இருந்த கரியைக் காட்டினேன். அவள் விரலால் தொட்டுப் பார்த்து, விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் இர்ஃபான் சுருட்டி வைத்த வயரைப் பற்றிச் சொன்னேன். சொல்ல வேண்டுமா என்று யோசித்துத்தான் சொன்னேன்.

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பாதி வேலையப் போட்டுட்டுப் போற ஆளா அவன்? எறங்கி வந்து மிச்சத்தக் கழட்டத்தானே நெனச்சிருக்கான். சாகப் போறவன் எதுக்குக்கா பிளக்கப் புடுங்கணும்?"

நான் தலையாட்டினேன். எங்கள் அத்தை மகன் ஒருவன் இருந்தான். சாகப் போகிற அன்று காலையில் மோட்டார் சைக்கிளைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு நிறுத்தி வைத்திருந்தான். பார்த்தவர்கள் எல்லோரும் பையன் இன்றைக்கு எங்கோ கல்யாணத்துக்குப் போகிறான் என்றுதான் நினைத்தார்கள். இதை சல்மாவிடம் நான் சொல்லவில்லை. எரிந்த போர்டில் மின்னல் நடந்த தடத்தைக் காட்ட முடிகிறது. கூரை விளிம்பில் நின்றவன் மனசுக்குள் என்ன நடந்தது என்று காட்ட என்னிடம் மீட்டர் இல்லை.

"நீங்க எங்கம்மாகிட்ட பேசுங்கக்கா. நான் சொன்னா நம்பாது, தம்பிய விட்டுக்கொடுக்காமச் சொல்றேன்னு நெனைக்கும். கேமராவுல பாத்தேன்னு சொல்லுங்க. வழுக்கி விழுந்தான், கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் போனைப் போட்டுவிட்டாள். அந்தப் பக்கம் எடுக்கக் காத்துக்கொண்டே இருந்திருப்பார்கள் போல, மணி அடிக்கவே இல்லை, எடுத்துவிட்டார்கள். சல்மா போனை என் கையில் திணித்தாள். திரையில் ஒரு நெற்றியும், வெள்ளைத் துணியின் ஓரமும், ஒரு கண்ணும்தான் தெரிந்தன. அந்த அம்மா போனை முகத்தோடு முகமாகப் பிடித்திருந்தார்.

"பாத்தியாம்மா?"

நலமா என்றுகூட இல்லை. சல்மா என் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேம்மா" என்றேன். "வழுக்கிருச்சு. மேல பாசி புடிச்சிருந்துச்சு. மழைக்கு முன்னாடி இலை அள்ளப் போயிருக்காரு. கால் வழுக்கி விழுந்துட்டாரு."

அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்வை மங்கிய கண். என் முகம் அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ.

"விழுவும்போது அல்லான்னு கூப்புட்டானா?"

பாசி பிடித்த கூரை வரைக்கும் பொய் தானாக வந்துவிட்டது, அதற்கு மேல் வரவில்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சல்மா ஆமாம் என்று சொல்லச் சொல்லித்தான் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்கும் அவருடைய ஆண்டவனுக்கும் நடுவில் போய் நின்று பொய்ச் சாட்சி சொல்ல என் நாக்கு எழவில்லை.

"அந்தக் கேமராவுல சத்தம் பதியாதும்மா."

அவ்வளவு நேரத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்து நான் சொன்னது அது ஒன்றுதான். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அப்ப கூப்புட்டிருப்பான்" என்றார் அந்த அம்மா.

போனைத் தரையில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. திரையில் முகம் போய், மேலே மெதுவாகச் சுற்றும் ஃபேனும் சுண்ணாம்பு உதிர்ந்த கூரையும் வந்தன. கொஞ்ச நேரம் அது மட்டும்தான் இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து இரண்டு கைகள் மெல்ல உள்ளே வந்தன, உள்ளங்கைகள் விரிந்து, ஃபேனுக்குக் கீழே ஏந்தியபடி. சல்மா போனைத் திரும்ப வாங்கவில்லை. கை வலிக்கிற வரை நான் அதை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.