பன்னிரண்டு பத்துத் தண்ணீர்

மதியம் பன்னிரண்டு பத்துக்கு நீரூற்று தானாகத் திறந்துகொண்டது.

முதலில் குழாய்களுக்குள் ஒரு செருமல். பிறகு நூலகப் படிக்கட்டுக்கு எதிரே இருந்த வட்டத் தொட்டியின் நடுவிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. பிறகு இரண்டாள் உயரம். திடலில் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. பேசுகிறவர் செத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. தண்ணீர் தன் பாட்டுக்கு இரைந்தது. மாணவர் நலப் பிரிவின் ஜன்னலில் நின்று அவள் அதைப் பார்த்தாள். பின்னால் நாற்காலி முதுகில் ஆரஞ்சு நிற மேல்சட்டை தொங்கியது. அன்றிலிருந்து அதை அவள் போட்டுக்கொள்ளவில்லை. மடித்து உள்ளே வைக்கவும் இல்லை.

அந்தத் திடலுக்குக் கதவு கிடையாது. தெருவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குள் வரும் பொதுவழி அது. யார் வேண்டுமானாலும் நிற்கலாம், பேசலாம். ஒலிபெருக்கி மட்டும் கூடாது. உலகம் எந்தத் தேதியில் முடியும் என்று சொல்ல வருகிறவர்கள் உண்டு. உப்பை விட்டால் எல்லா நோயும் போகும் என்பவர்கள் உண்டு. கேட்க ஆளில்லை என்றால் இரண்டு நாளில் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை. ஏலக்கடையில் முப்பது வருடம் ஏலம் கூவி ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கி அவருக்குத் தேவைப்படவே இல்லை. உணவு இடைவேளைக்கு மணி அடித்ததும் அட்டைப் பலகையோடு வந்து நிற்பார். போகிற வருகிற மாணவர்களில் ஒருவரை விரலால் குறிப்பார். பெரும்பாலும் பெண்ணைத்தான்.

"கெட்டுப்போக ஒரு தரம். ரெண்டு தரம்."

மூன்றாவதைச் சொல்ல மாட்டார். விரலை நீட்டியபடியே நிற்பார். அந்தப் பெண் திடலைக் கடந்து போகும்வரை விரல் அவளோடு திரும்பும். மாணவர்கள் அவருக்கு 'ரெண்டுதரம்' என்று பெயர் வைத்தார்கள். வகுப்பில் இருக்கும்போதுகூட அந்த மூன்றாவது தரம் காதில் விழுந்துவிடுமோ என்று இருப்பதாக ஒரு முதலாண்டுப் பெண் நலப் பிரிவில் வந்து அழுதாள். ஒருவன் பலகையைப் பிடுங்கி உடைத்தான். இன்னொருவன் சட்டையைப் பிடித்தான். அதை நாலு பேர் படம் எடுத்தார்கள். மறுநாள் ஊரே பார்த்தது.

பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு குழு கூடியது. அவரை விரட்ட முடியாது என்று சட்ட ஆலோசகர் சொன்னார். பதில் பேசாதீர்கள், படம் எடுக்காதீர்கள், சுற்றி நிற்காதீர்கள் என்று மாணவர்களுக்கு அறிவுரை போனது. இருபது வயசில் பதில் பேசாமல் போகிறவன் யார்? பேசினார்கள். கடைசியில் யோசனை அவளிடமிருந்துதான் வந்தது. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும்போது கூடத்திலிருந்து கணவர் கத்துவது ஒன்றும் கேட்பதில்லை. அதைத்தான் கூட்டத்தில் பாதி விளையாட்டாகச் சொன்னாள். துணைப் பதிவாளர் மேசையைத் தட்டினார்.

"பேச அவருக்கு உரிமை இருக்கு. ஓட தண்ணிக்கும் உரிமை இருக்கு."

பல வருடமாகப் பாசி பிடித்துக் கிடந்த நீரூற்றைச் சுத்தம் செய்தார்கள். பம்ப் அறை நூலகத்தின் அடித்தளத்தில் இருந்தது. அதன் ஜன்னல் தரையோடு தரையாகத் திடலைப் பார்த்திருந்தது. பம்பை இயக்குகிற ஊழியர், எல்லோருக்கும் பம்ப் அண்ணன், உள்ளே உட்கார்ந்திருப்பார். அவள் ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு தொட்டியருகே நிற்பாள். வெளியாள் பேச ஆரம்பித்ததும் விரித்த கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தண்ணீர் வரும். விரல்களை மூடிக் காட்டினால் நிற்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு வாரத்தில் திடலில் சண்டை நின்றது. பெண்கள் நேர்வழியில் போனார்கள். இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து போன் போட்டு இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அன்று அவள் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனாள்.

அவருக்கு இரண்டே நாளில் விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வருவது நிற்கவில்லை. தண்ணீர் இரைகிற இரைச்சலில் வாய் திறந்து திறந்து மூடும். விரல் மட்டும் நீளும். பேசி முடித்துப் பலகையை மடக்கும்போது அவள் பக்கத்தில் வந்து நிற்பார். அவளை ஆரஞ்சு என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன ஆரஞ்சு, உன் கைக்கு இருக்கிற மரியாதை என் வாய்க்கு இல்லையே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவரைப் பிடிக்காது. அந்த முதலாண்டுப் பெண்ணின் முகம் நினைவுக்கு வரும். ஆனாலும் வந்துவிடும். சில நாள் அவர் அவளைப்போலவே நடித்துக் காட்டுவார். பம்ப் அறை ஜன்னலைப் பார்த்துத் தன் கையைத் தூக்கி விரல்களை மூடுவார். தண்ணீர் நிற்காது. மாணவர்கள் கைதட்டுவார்கள். ஒருமுறை, உலகம் எப்படி முடியும் என்று காட்டுவதற்காக, கண்ணை மூடித் தரையில் மல்லாந்து படுத்தார். கூட்டம் கூடிவிட்டது. அதற்குப் பிறகு, அவர் விழுந்தாலும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று அறிவுரையில் ஒரு வரி சேர்ந்தது. எழுதியது அவள்தான்.

அன்றைக்கும் மணி அடித்தது. அவர் வந்தார். அவள் கையைத் தூக்கினாள். தண்ணீர் எழும்பியது. அவர் யாரையும் விரல் நீட்டிக் குறிக்கவில்லை. பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் திறந்தது, மூடியது, திறந்தது. வலது கை மெதுவாகத் தலைக்கு மேல் போயிற்று. விரல்கள் மூடின. அவள் பார்த்தாள். தினமும் காட்டுகிற நக்கல்தானே என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடி பார்த்தபோதும் கை அப்படியே இருந்தது. முகம் பம்ப் அறைப் பக்கம் இல்லை, அவள் பக்கம் இருந்தது. பிறகு அவர் உட்கார்ந்தார். பிறகு படுத்தார். மாணவர்கள் சொல்லிக்கொடுத்தபடி விலகி நடந்தார்கள். இரண்டு பெண்கள் பலகையைத் தாண்டிப் போனார்கள். இடைவேளை முடிகிற மணி அடித்துத் திடல் காலியான பிறகுதான் அவள் பக்கத்தில் போனாள்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவள் கேட்டாள். சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

சாயங்காலம் பம்ப் அறைக்குப் போனாள். அண்ணன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் பார்த்தேம்மா. அந்தாளு கை மூடுனதப் பார்த்தேன். உங்க கை இல்லையேன்னு விட்டுட்டேன்."

மறுவாரம் துணைப் பதிவாளர் பம்பில் டைமர் போடச் சொன்னார். தினமும் பன்னிரண்டு பத்துக்குத் திறக்கும், ஒரு மணிக்கு மூடும். ஞாயிற்றுக்கிழமையும் திறக்கும், மழை பெய்தாலும் திறக்கும். யாராவது கேட்டால் டைமர் என்று ஒரு வார்த்தை போதும் என்றார். அது பொய் இல்லை, இப்போது டைமர்தானே என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவளுக்காகவும்தான் அதைச் செய்தார். விசாரணை என்று வந்தால் முதலில் போவது அவள் வேலை.

வீட்டில் அவள் குழாயை முழுசாகத் திறப்பதில்லை. குழாய் வாயில் ஒரு துணியைக் கட்டி, அது வழியாகத் தண்ணீரைச் சத்தமில்லாமல் பாத்திரத்தில் இறக்கினாள். குளிக்கும்போது வாளியை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டாள். கணவர் இரண்டு நாள் பார்த்தார்.

"தண்ணிக்கும் ஊமை பாஷை சொல்லிக் குடுத்துட்டியா?"

அவள் சிரித்தாள். துணியைக் கழற்றவில்லை. ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே திரும்பியபோது சாப்பாட்டு மேசையில் அவர் வாய் அசைவதைக் கண்டாள். சட்டென்று குழாயை மூடி, ஈரக்கையோடு கூடத்துக்கு ஓடிவந்து நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலம்மா. மென்னுட்டிருக்கேன்."

கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த வாயைச் செய்து பார்த்தாள். திறந்து, மூடி, திறந்து. எந்தச் சொல் அந்த மாதிரி திறந்து மூடும்? பல சொற்கள் பொருந்தின. அதுதான் கஷ்டமாக இருந்தது. சில சமயம் அது 'மூணு தரம்' என்று தோன்றியது. சில சமயம் 'ஆரஞ்சு' என்று.

ஜன்னலில் நின்றிருந்த அவளுக்குப் பின்னால் நலப் பிரிவின் கதவு தட்டப்பட்டது. துணைப் பதிவாளர் ஒரு பெண்ணை உள்ளே விட்டார். முப்பத்தைந்து வயசு இருக்கும். கையில் ஹெல்மெட். பல் மருத்துவமனையில் போடுகிற நீலச் சட்டையோடு வேலைக்கு நடுவில் வந்திருந்தாள். இறந்தவரின் மகள் என்றார். அப்பா விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம், கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்றார். போகும்போது அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மகள் நாற்காலி முதுகில் தொங்கிய மேல்சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா ஆரஞ்சு?"

அவள் தலையசைத்தாள்.

"வீட்ல உங்களப் பத்திப் பேசுவாரு. ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம திட்டுவாரு. உங்கள மட்டும் திட்டினதில்ல. நல்ல பொண்ணு, வெயில்ல நிக்க வெச்சுட்டானுங்கன்னு சொல்வாரு."

படியிறங்கும்போது மகள்தான் பேசினாள். அழுகைக்காரி இல்லை. அப்பா இங்கே என்ன பேசினார் என்று தெரியும் என்றாள். அந்தப் படத்தைப் பார்த்த நாள் மருத்துவமனையில் யாருக்கும் அது தன் அப்பா என்று சொல்லவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் அவரோடு பேச்சே கிடையாது. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். அவர் தட்டோடு கதவுக்கு வெளியே நின்று பேசுவார். இவள் பாட்டுப் போட்டுக்கொள்வாள்.

"கடைசி வருஷம் ஒரே புராணம். நான் வாயத் தொறந்தா தண்ணியத் தொறந்து விடுறாங்க, ஆரஞ்சு கையத் தூக்கினா தண்ணி வருதுன்னு. மூளை கலங்கிப் போச்சுன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு நாள் பார்த்துட்டிருந்தேன்." ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "இப்ப மேல சார் சொன்னாரு, அது டைமராமே."

அவள் கடைசிப் படியை இறங்கி முன்னால் நடந்தாள்.

திடலில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. காற்றில் சாரல் வந்து இருவர் மேலும் விழுந்தது. மாணவர்கள் தட்டும் புத்தகமுமாகப் போனார்கள். தொட்டிக்கு நேர் எதிரே ஓரிடத்தை மட்டும் அவர்கள் இன்னமும் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். அங்கே கோடு எதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட, ஏன் என்று தெரியாமல், முன்னால் போகிறவர்களைப் பார்த்து வளைந்தார்கள். அவள் அந்த இடத்தைக் கையால் காட்டினாள். மகள் போய் நின்றாள். தரையைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

நிமிர்ந்து ஏதோ கேட்டாள்.

சத்தம் வரவில்லை. வாய் திறந்தது, மூடியது, திறந்தது. அப்பாவின் வாய்தான் அது. மேலுதடு அதேபோல் ஒரு பக்கம் ஏறியது. அவள் தன் காதில் கை வைத்துக் காட்டினாள். மகள் மறுபடி சொன்னாள். பின்னால் தண்ணீர், முன்னால் அந்த வாய். திறந்தது, மூடியது. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்திருக்கலாம். இரண்டு எட்டுதான். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. கை தானாக மேலே போயிற்று. தலைக்கு மேலே நின்றது. விரல்கள் மூடின.

டைமர் வந்த பிறகும் பம்ப் அண்ணன் அந்த ஜன்னலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்.

தண்ணீர் இரண்டாள் உயரத்திலிருந்து ஒரே மூச்சில் கீழே விழுந்தது. தொட்டிக்குள் கொஞ்ச நேரம் அலை அடித்து அடங்கியது. அத்தனை நாள் இல்லாத அமைதி. காலடிச் சத்தம் கேட்டது. யாரோ ஸ்பூனைக் கீழே போட்டது கேட்டது. மாணவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் தொட்டியைப் பார்த்தாள். தரையோடு இருந்த ஜன்னலைப் பார்த்தாள். அங்கே ஒரு முகம் சட்டென்று உள்ளே போனது. பிறகு இன்னும் இறங்காமல் மேலேயே நின்ற அந்தக் கையைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள். இப்போது கத்த வேண்டியிருக்கவில்லை. "அன்னைக்கும் நீங்கதான் கையத் தூக்குனீங்களா?"