வாசனை இல்லாத மேட்

கலவைக்காரருக்கு மூக்கு செத்துப்போய் இருபது வருஷமாகிறது. ரப்பர் ஃபோம் கம்பெனியில் கலவை போடுகிறவருக்கு அதொன்றும் பெரிய குறையில்லை. கண்ணும் கையும் போதும். ஆனால் பேத்தி தவழட்டும் என்று அவர் ஆசை ஆசையாய்ச் செய்து கொண்டுபோன ரப்பர் மேட்டை மகள் பால்கனியில் போட்டுவிட்டாள். "ஒரே அமோனியா நாத்தம்ப்பா. நீங்க வந்ததுலேர்ந்து குழந்தை தும்மிக்கிட்டே இருக்கு" என்றாள். மனைவி போனபின் அவருக்குப் போக்குவரத்து இருந்தது அந்த ஒரு வீட்டோடுதான். நெடியில்லாத மேட் ஒன்று செய்துவிட்டால் அங்கே தாராளமாய்ப் போய் உட்காரலாம் என்று நம்பினார்.

வாயு விட்டு ரப்பரை உப்ப வைக்கும் பவுடரை மாற்றினார். ரப்பரை இறுக வைக்கக் கந்தகத்தை விட்டுப் பெராக்சைடு போட்டு வேக வைத்தார். ஒன்றை மாற்றினால் மற்றது சும்மா இருக்குமா? முதல் மேட்டில் ரப்பர் முந்தி இறுகிவிட்டது. வாயுவுக்கு வழியில்லாமல் மேட் செங்கல் மாதிரி வந்தது. இரண்டாவதில் வாயு முந்திக்கொண்டது. பொங்கிய வேகத்தில் பொசுக்கென்று அமுங்கிப்போனது. "என்ன, பேத்திக்குச் செருப்பு தைக்கறீங்களா?" என்று சூப்பர்வைசர் வாரினார். மூன்றாவதில்தான் இரண்டும் ஒத்துப்போயின. விரலால் அமுக்கினால் மெத்தென்று இறங்கி உடனே எழுந்தது. அதையும் ஒரு பகல் முழுக்கச் சூட்டறையில் வைத்து மிச்சமிருந்த நெடியை ஓட்டினார்.

ஓட்டினாரா? அதுதான் அவருக்குத் தெரியாதே! கம்பெனியில் கேட்கலாமென்றால் அங்கே எல்லார் மூக்குக்கும் அதே கதி. வீட்டிலோ சுவரிடம்தான் நீட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுத் தையல்கார அம்மாவின் கதவைத் தட்டினார். நாலு வருஷமாக, எதிரில் பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் பழக்கம். கூச்சம் பிடுங்கித் தின்றது.

அந்த அம்மா மேட்டை முகத்தருகே வைத்து நன்றாக முகர்ந்து பார்த்தார். "ஒண்ணுமே இல்லைங்க."

"நெஜமாவா? அமோனியா நெடி?"

அந்த அம்மா தயங்கினார். "அது மேட்ல இல்லைங்க, உங்க மேலதான். தப்பா நெனைக்காதீங்க. படிக்கட்டுல அந்த நெடி வந்தாலே நீங்க வந்துட்டீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்."

"இப்பதாங்க குளிச்சுட்டு வந்தேன்."

அந்த அம்மா மேட்டைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து மகளுக்குப் போன் போட்டார்.

"மேட் ரெடிம்மா. இந்தத் தடவை வாசனையே இல்ல. ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன்."

"நீங்க வரலையாப்பா?"

"வேலை இருக்கும்மா."

ஞாயிற்றுக்கிழமையில் அப்படி என்ன வேலை என்று மகள் கேட்கவில்லை. "சரிப்பா" என்றாள், சட்டென்று.